பயிற்றுநர் போன பிறகு

ஒரு குழு நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் போதும், பயிற்றுநரை மாற்று என்ற குரல் எழுந்துவிடும். ஜொகூர் பாருவின் தம்போய்வாசிகளுக்கு இது புதிதல்ல. பக்கத்தில்தான் லார்க்கின் அரங்கம். ஜொகூர் காற்பந்தின் ஏற்றமும் இறக்கமும் பல்லாண்டுகள் அங்கேதான் நடந்தன. மாமாக் கடை மேசைகளில் பயிற்றுநர்களுக்குத் தீர்ப்பு எழுதாத தலைமுறை இங்கே இல்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: சரியான ஒருவர் வந்து நின்றால் இருபத்தைந்து பேரின் பழக்கம் மாறிவிடும் என்பது அது. காற்பந்துக்கு வெளியேயும் இதே நம்பிக்கையோடுதான் வாழ்கிறோம். பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர், கோயிலுக்குப் புது நிர்வாகம், அலுவலகத்துக்குப் புது மேலாளர் என்று காத்திருக்கிறோம். இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது என்பது என் எண்ணம். புதிதாக வருபவர் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைக்க முடியும். அது நிலைக்குமா என்பதை முடிவு செய்பவர்கள் அவரை அழைத்து வந்தவர்கள். பழி வரும்போது மட்டும் இந்த இரண்டாவது தரப்பு எப்போதும் தப்பித்துக்கொள்கிறது.

குழுவின் பண்பாடு என்று எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். சுவரில் எழுதிய வாசகமோ ஆட்டத்துக்கு முன் நடக்கும் வீர உரையோ இங்கே கணக்கில்லை. தோற்ற மறுநாள் காலைப் பயிற்சிக்கு எத்தனை பேர் நேரத்துக்கு வருகிறார்கள்? பந்துப் பைகளைத் தூக்கிவைப்பவன் எப்போதும் இளையவன்தானா? கோல் விடக் காரணமானவன் உடைமாற்றும் அறைக்குள் நுழையும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களா, தோளில் கை வைக்கிறார்களா? முழங்காலில் அடிபட்டவன் அதைப் பயமின்றிச் சொல்ல முடிகிறதா? யாரும் கவனிக்காதபோதும் ஒரு கூட்டம் எப்படி நடந்துகொள்கிறதோ அதுவே அதன் பண்பாடு. பணம், பதவி, கிண்ணம் எல்லாம் இதற்கு மேல் வந்து உட்காருபவை.

ஜொகூரின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1991இல் மைக்கல் உருகாலோ பயிற்றுநராக இருந்தபோது ஜொகூர் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்றது. இறுதியாட்டத்தில் தோற்ற குழு சிலாங்கூர். அந்த வயதினர் இன்றும் அதைக் கண் கலங்கப் பேசுவார்கள். ஆனால் ஜொகூர் மண்ணுக்கு அடுத்த மலேசியக் கிண்ணம் 2017இல்தான் வந்தது. இடையில் 26 ஆண்டுகள். ஆட்டக்காரர்கள் கிடைக்காமலா போனார்கள்? 1991இல் உருவானது ஒரு நல்ல பயிற்றுநரும் ஒரு நல்ல தலைமுறையும் சேர்ந்த ஒரு பருவம். அவர்கள் கலைந்தபோது அந்தப் பழக்கத்தை அடுத்தவருக்குக் கைமாற்றும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

இதே மண்ணில் இரண்டாவது கதை 2012இல் தொடங்குகிறது. மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைமையை ஜொகூர் இளவரசர் துங்கு மக்கோத்தா துங்கு இஸ்மாயில் ஏற்றார். அடுத்த ஆண்டு ஜொகூர் டாருல் தாக்சிம் என்ற பெயரில் குழு புதிதாகக் களம் இறங்கியது. 2014 முதல் 2024–25 பருவம் வரை மலேசிய சூப்பர் லீக் பட்டம் வேறு யார் கைக்கும் போகவில்லை. தொடர்ச்சியாகப் பதினொரு பட்டங்கள். இந்த எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆண்டுகளில் மாறிய பயிற்றுநர்களின் பட்டியல். குரோவாசியாவின் போயான் ஹோடாக், அர்ஜென்டினாவின் மரியோ கோமெஸ், போர்ச்சுகலின் உலிசஸ் மொராயிஸ், மெக்சிகோவின் பெஞ்சமின் மோரா, பிறகு எக்டர் பிடோக்லியோ, எஸ்தபான் சொலாரி. 2015இல் ஹோடாக் போய் கோமெஸ் வந்தது பருவத்தின் நடுவில். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லோல் குழுவை அதன் சொந்த மண்ணில் 1–0 என்று வென்று, ஆசியக் குழுக்களுக்கான ஏஎஃப்சி கிண்ணம் பெற்ற முதல் தென்கிழக்காசியக் குழுவானது ஜொகூர். பயிற்றுநர் மாறியும் குழு நிலைகுலையவில்லை என்றால், அந்தக் குழுவின் பழக்கம் பயிற்றுநரின் பெட்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

இங்கே உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும். எல்லாம் பணம், அரண்மனையின் செல்வாக்கு. இதில் பண்பாடு எங்கே வந்தது என்பார்கள். பணத்தை மறைத்துப் பேசினால் நேர்மையாகாது. இந்த அளவு செலவு செய்ய இந்த நாட்டில் வேறு எந்தக் குழுவாலும் முடியவில்லை. ஆனாலும் மலேசியக் காற்பந்தில் வரவுக்கு மீறிச் செலவழித்து வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இறக்கிய குழுக்கள் ஒன்றிரண்டு அல்ல. அவற்றில் பலவற்றின் பெயர் பிறகு மாதக்கணக்கில் சம்பள பாக்கி என்ற செய்தியில்தான் வந்தது. சம்பளம் வராத ஆட்டக்காரனிடம் ஒழுங்கு பற்றி எந்தப் பயிற்றுநர் பேச முடியும்? வீட்டு வாடகையை யோசித்துக்கொண்டிருப்பவன் காதில் அது எப்படி விழும்? சொன்ன தேதியில் சம்பளம், தரமான பயிற்சித் திடல், இளையோர் குழுக்கள், 2020 முதல் இஸ்கண்டார் புத்திரியில் சொந்தமாக ஒரு பெரிய அரங்கம் என்று ஜொகூரில் பணம் போன இடங்களைப் பார்த்தால், ஆள் வாங்கியதோடு அது நிற்கவில்லை என்பது தெரியும். மறுப்பின் இன்னொரு பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த வீட்டைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஒருவரின் விருப்பம். அந்த விருப்பம் இல்லாத ஒரு காலத்தில் பழக்கம் நிற்குமா என்ற சோதனை இன்னும் நடக்கவில்லை.

நம்மவர் ஒருவரின் கதைக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு அதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. 2007 ஆசியக் கிண்ணத்தை ஏற்று நடத்திய நாடுகளில் ஒன்றான மலேசியா, மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டு கோல் வாங்கி ஒன்றே ஒன்று போட்டது. 2009 ஜனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் 0–5. பயிற்றுநர் பி. சத்தியநாதனின் பதவி போயிற்று. அந்த ஆண்டு நடுவில் பொறுப்புக்கு வந்தவர் கே. ராஜகோபால். டிசம்பரில் லாவோஸின் வியந்தியனில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அவருடைய இளைஞர்கள், பிரிவுச் சுற்று ஆட்டத்தில் வியட்நாமிடம் 1–3 என்று தோற்றார்கள். சில நாள்களில் இறுதியாட்டத்தில் அதே வியட்நாமை 1–0 என்று வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 2010 டிசம்பர் 1, ஜகார்த்தா: இந்தோனேசியாவிடம் 1–5. தொடரின் முதல் ஆட்டமே இது.

அந்த இரவுக்குப் பிறகு நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐந்து கோல் வாங்கிய குழுவைத் தலைகீழாகப் புரட்டும்படி எந்தப் பயிற்றுநருக்கும் நெருக்குதல் வரும். ராஜகோபால் செய்த கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் கோல்காவலர் இடத்தில்: 21 வயது கைருல் ஃபாமி சே மாட் உள்ளே வந்தார். தாய்லாந்துடன் 0–0. லாவோஸுக்கு எதிராக 5–1. அரையிறுதியில் வியட்நாமுடன் 2–0, பிறகு 0–0. டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் மீண்டும் இந்தோனேசியா. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த லேசர் ஒளியைக் காட்டி இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேறினார்கள். ஆட்டம் நின்றது. அந்த லேசர் நம் ரசிகர்களின் தவறு. அதை எந்த வெற்றியும் சரியாக்காது. ஆனால் ஆட்டம் நின்ற அந்த நிமிடங்களில் ஒரு குழு கலைந்துபோவது எளிது. மூன்றரை வாரத்துக்கு முன் ஐந்து கோல் போட்ட எதிராளி, காதைப் பிளக்கும் கூட்டம், எப்போது தொடங்கும் என்று தெரியாத ஆட்டம். மீண்டும் பந்து உருண்டபோது 61ஆம் நிமிடத்தில் சாஃபி சாலி, 68இல் அஷாரி சம்சுடின், 73இல் மீண்டும் சாஃபி. 3–0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் கைருல் ஃபாமி ஒரு பெனால்டியைத் தடுத்தார். அங்கே 1–2 என்று தோற்றும் 4–2 என்ற மொத்தக் கணக்கில் கிண்ணம் மலேசியாவுக்கு. டிசம்பர் 31 நாட்டுக்கே பொது விடுமுறை. இரண்டு ஆண்டுகளிலும் தங்களை நையப்புடைத்த அதே எதிராளியை அதே தொடரில் மறுபடி சந்தித்து வென்றிருக்கிறார்கள். இதைத் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தோல்வியை அவமானமாகச் சுமக்காமல் வேலையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் குழுவுக்குள் வந்திருந்தது.

புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். டச்சு லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்றுநர் நீக்கங்களைப் பொருளியலாளர் பாஸ் தெர் வீல் ஆராய்ந்தார். பயிற்றுநரை மாற்றிய குழுக்கள் மீண்டதும் உண்மை. அதே சரிவில் இருந்து பயிற்றுநரை மாற்றாத குழுக்களும் ஏறக்குறைய அதே போல மீண்டதும் உண்மை. பள்ளத்தின் அடியில் இருப்பவருக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி குறைவு. புதிதாக வந்தவர் அதற்குப் புகழ் வாங்கிக்கொள்கிறார் என்பது இதன் சாரம். மலேசியாவில் இன்னொன்றும் உண்டு: 2009 முதல் 2011 வரை உள்ளூர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை, அதனால் சாஃபி போன்ற உள்ளூர்த் தாக்குதல் வீரர்கள் வாரம் தவறாமல் ஆடினார்கள். இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் டச்சு ஆய்வு அளந்தது மாற்றத்தை அடுத்து வந்த ஆட்டங்களின் முடிவுகளை. பழக்கம் அவ்வளவு விரைவாக முடிவுகளில் தெரிவதில்லை. வெளிநாட்டவர் தடையோ என் வாதத்துக்கே வலுவூட்டுகிறது: பயிற்றுநர் தனியாக எதையும் செய்யவில்லை, அவரைச் சுற்றி இருந்த ஏற்பாடு அந்த நேரத்தில் அவருக்கு உதவியது.

அந்த வெற்றிகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று? 2011 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 3–5. 2012 சுசுகி கிண்ணத்தில் அரையிறுதியோடு வெளியே. 2013இன் முடிவில் ராஜகோபாலின் காலம் முடிந்தது. 2014இல் டோல்லா சாலேயின் கீழ் மலேசியா மறுபடி இறுதிவரை போனது, உண்மை. ஆனால் 2015 செப்டம்பர் 3 அன்று அபுதாபியில் அதே ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் 0–10. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஐந்து கோலுக்காக ஒரு பயிற்றுநரை அனுப்பிய இடத்தில் இப்போது பத்து, டோல்லாவும் விலகினார். ஒருவர் வளர்த்த பழக்கத்தை எழுதிவைத்து, அடுத்தவரிடம் ஒப்படைத்து, காத்துக்கொள்ளும் வேலையைச் செய்ய வேண்டியது தேசியக் காற்பந்துச் சங்கம். பழி விழுந்தது என்னவோ பயிற்றுநர்களின் தலையில்.

கல்லூரிக் குழுக்களைப் பற்றி யோசிக்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜொகூர் பாருவைச் சுற்றிக் கல்லூரிகள் பல. அங்கே ஆட்டக்காரர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு பழக்கம் ஊறத் தொடங்கும்போதே அதைச் சுமந்தவன் விடைபெறுகிறான். ஆகவே அங்கே பயிற்றுநரின் முதல் வேலை, மூத்த மாணவன் இளையவனுக்கு எதைக் கைமாற்றுகிறான் என்பதைக் கவனிப்பது. இதற்குக் காலம் வேண்டும். அமெரிக்கக் காற்பந்து என்ற வேறொரு ஆட்டத்தில், ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழுவிலிருந்து 1979இல் சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸ் குழுவுக்கு வந்தார் பில் வால்ஷ். பயிற்சி நடக்கும் முறை முதல் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவர் எப்படிப் பேச வேண்டும் என்பது வரை வரையறுத்தார். அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் அந்தக் குழு 2 வெற்றி, 14 தோல்வி. அவருடைய முதல் பருவத்திலும் அதே 2 வெற்றி, 14 தோல்வி. இரண்டாவதில் 6 வெற்றி. மூன்றாவது பருவத்தில் தேசிய வெற்றியாளர். முதல் ஆண்டின் முடிவில் அவரை அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பண்பாட்டை மாற்றுகிறேன் என்ற பெயரில் கொடுமை நுழைவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கத்துவதும் வெயிலில் ஓடவிடுவதும் ஒழுங்கு என்று நம்பும் பயிற்றுநர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படி வளர்ந்தவர்கள்தான் பெரும்பாலும் அப்படி நடத்துகிறார்கள். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரன் பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்குப் போவான். உதவித்தொகையில் படிக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு, அதுவும் தோட்டப்புறத்திலிருந்து குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவனுக்கு, அந்தக் கதவு இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டு வலியோடு ஓடுவான். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது ஒழுக்கம் போலத் தெரியும். கடுமை இல்லாமல் எந்தக் குழுவும் உருவாகாது என்று வாதிடுபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கடுமை வேண்டும், ஆனால் அது பயிற்றுநருக்கும் சேர்த்து இருக்க வேண்டும். ஐந்தரைக்குப் பயிற்சி என்றால் அவர் ஐந்தே காலுக்குத் திடலில் நிற்க வேண்டும். நட்சத்திர ஆட்டக்காரன் தாமதமாக வந்தால் அவனும் வெளியே உட்கார வேண்டும், அன்று தோற்றாலும் சரி.

ஆகவே ஒரு கல்லூரி புதுப் பயிற்றுநரை நேர்காணலுக்கு அழைக்கும்போது, எத்தனை ஆண்டில் கிண்ணம் தருவீர்கள் என்று கேட்பதோடு தன்னிடமும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் பருவம் முழுக்கத் தோற்றாலும் இரண்டாவது பருவத்தை இவருக்குத் தருவோமா? அவர் ஒரு பிரமுகரின் மகனை வெளியே உட்காரவைத்தால் அவர் பக்கம் நிற்போமா? காயம்பட்ட மாணவன் நேரடியாக மருத்துவரிடம் போக வழி வைத்திருக்கிறோமா? இவர் போகும்போது, பயிற்சிக் குறிப்புகளும் இளையவர்களைப் பழக்கிய மூத்தவர்களும் அடுத்தவருக்குக் கிடைக்க ஏற்பாடு உண்டா? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடியாத நிர்வாகம் எத்தனை பயிற்றுநர்களை மாற்றினாலும், அவர்கள் ஒவ்வொருவரும் 1991இல் ஜொகூருக்கு நடந்ததைத்தான் திரும்ப நடத்திவிட்டுப் போவார்கள்.