சான்று கேட்பவர் யார்?

பிறப்பால் இழித்துரைக்கப்பட்டவன் தன் தகுதிக்குச் சான்று காட்டல் வேண்டுமோ? வால்டர் டல் என்பாரின் வாழ்க்கை நம்மை இவ்வினாவில் நிறுத்துகிறது.

1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தையார் பார்படோஸ் தீவினின்று வந்த தச்சர், பாட்டனார் அடிமை. இளமையிலேயே பெற்றோரை இழந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1909-ல் டாட்டன்ஹாம் கழகத்தின் காற்பந்து வீரரானார். அவ்வாண்டு பிரிஸ்டல் நகரில் ஆடுகையில், கூட்டத்தினர் சிலர் அவரது நிறத்தைச் சுட்டி இழிமொழி வீசினர். அவரோ அமைதி குலையாது ஆடினார். வெள்ளையருக்கே இவர் முன்மாதிரி என்று செய்தியாளர் ஒருவர் எழுதினார். நல்ல மொழிதான். ஆனால், ஏசியவரிடம் எவரேனும் சான்று கேட்டனரோ? பொறுமையின் பாரமெல்லாம் ஏச்சுண்டவன் தலைமீதே ஏன்?

1914-ல் படையிற் சேர்ந்தார். ஐரோப்பிய வழியினர் அல்லாதார் அதிகாரியாவதற்குப் படைவிதி தடையாயிருந்தும், 1917-ல் அதிகாரியாக்கப்பட்டார். அதிகாரிகள் பல்லாயிரவர் மடிந்து ஆட்குறை நேர்ந்த காலம் அது என்பதையும் நாம் மறத்தலாகாது. இத்தாலியில் பியாவே ஆற்றைக் கடந்து சென்று, தம் வீரருள் ஒருவரையும் இழவாது மீண்டார். போரை நாம் போற்றுவதில்லை. உயிர்களைக் காத்துக் கொணர்ந்ததைப் போற்றாதிருக்கவும் இயலவில்லை.

1918 மார்ச்சு 25-ல் பிரான்சில் குண்டு பட்டு வீழ்ந்தார். அவர் ஆணைக்குட்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் குண்டு மழையிடையே அவருடலை மீட்க முயன்றனர்; இயலவில்லை. அராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் உள்ளது.