மல்லும் அகிம்சையும்

முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் 'மாமல்லன்' என்னும் பட்டம் பூண்டு ஆண்ட நகரம் காஞ்சி. மற்போர் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆயினும், நம் பெயர்த்தி, "கூடோ கற்கட்டுமா, பாட்டி?" என்று கேட்டபோது நாம் திடுக்கிட்டோம்.

ஜப்பானின் செண்டாய் நகரில் 1981இல் அசுமா தகாஷி நிறுவிய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த கலை அது. கராத்தேயின் குத்தும் உதையும், ஜூடோவின் வீழ்த்தலும் பிடியும் அதில் ஒன்றுசேர்கின்றன. முகம் காக்கக் கண்ணாடி போன்ற கவசம் அணிவர்.

"பிறரை அடிக்கக் கற்பது ஜைனக் குழந்தைக்கு அடுக்குமா?" என்றோம். அவளோ, "நீங்கள் ஜினாலயத்திற்கு உடுத்தும் பட்டுக்காக வெந்நீரில் மாண்ட புழுக்கள் எத்தனை, பாட்டி?" என்றாள். பல்லாண்டுகள் வகுப்பறையில் வினா எழுப்பிய நமக்கு விடை வரவில்லை.

இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் சான்றோர் நால்வகையாகப் பிரித்தனர். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தன்னையும் பிறரையும் காக்க எதிர்ப்பது விரோதி. முதலாவதை அறவே விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும்.

ஆதிபகவனின் மைந்தர் பரதரும் பாகுபலியும் படைகள் மடியாதிருக்கத் தாமிருவர் மட்டும் பொருதனர். பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் மூன்றிலும் பாகுபலியே வென்றார். தமையனைத் தூக்கியவர் தரையில் மோதவில்லை, அரசைத் துறந்தார். வலிமை இருந்தும் அடங்கியதே அவர் பெருமை. கூடோவிலும், பிடியில் அகப்பட்டவர் கையால் தட்டினால் அக்கணமே விட்டுவிட வேண்டும் என்பது விதி.

எனினும் ஓர் ஐயம் உண்டு. போட்டியில் எதிரே நிற்பவர் பகைவர் அல்லர். ஆகவே அங்கு விழும் அடி தற்காப்பு ஆகாது. வெல்லும் ஆவல் சினமாக மாறினால் அதுவே ஹிம்சையின் வித்து. இதை அவளிடம் மறைக்காமல் கூறினோம்.

முடிவில் இருவரும் விரதம் ஏற்றோம். வெளியே ஒருவர்மீதும் முதலில் கை ஓங்குவதில்லை. களத்தில் சினம் எழுந்தால் அன்றே விலகுவது என்பது அவளுடையது. இனிப் பட்டு உடுத்துவதில்லை என்பது நம்முடையது. தறியில் உழைக்கும் அண்டை வீட்டாரைக் குறை கூறுவதற்கன்று. நம் தேவையைக் குறைப்பதற்கே.

பருத்தியின் பெயர் தாங்கிய திருப்பருத்திக்குன்றத்திற்கு, திரைலோக்கியநாதரை வணங்க, இப்போது பருத்திச் சேலையில் செல்கிறோம்.