ஓடும் வண்டியில் உபேட்சை

பொது ஊர்தியில் ஒருவன் மற்றொருவர்க்குத் தீங்கு செய்யும்போது, உடனிருந்து காண்பவர் கடமை யாது? தம்மத்தைக் கைக்கொண்டோர் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது. நாம் வன்முறையைத் துறந்தவர்கள். பிறர் துன்பத்தைக் கண்டிரங்கக் கற்றவர்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவதுபோல் தோன்றும் இடம் ஓடும் வண்டியே. ஆதலின் அதனை ஆராய்தல் நலம்.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு இந்நாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. இன்று மும்பைப் புறநகர் வண்டிகளில் நாள்தோறும் 60 லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் செல்கின்றனர். அங்கே சாதி கேட்பார் இல்லை. சீட்டு ஒன்றே தகுதி. இதன் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1901ஆம் ஆண்டில் சிறுவராயிருந்த அம்பேத்கர், தந்தையாரைக் காணப் புறப்பட்டு மசூர் நிலையத்தில் இறங்கினார். இன்ன சாதியார் என்றறிந்ததும் அங்கிருந்த மாட்டுவண்டிக்காரர் எவரும் அச்சிறுவர்களை ஏற்ற இசையவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிச் செல்லவேண்டியதாயிற்று. இருப்புப்பாதை ஏற்றிவந்த பிள்ளைகளை ஊர் வண்டி ஏற்க மறுத்தது! ஆகவே எல்லார்க்கும் இடமளிக்கும் ஊர்தியில் அச்சத்தை விளைப்பவன் ஒருவரை மட்டும் வருத்துபவன் அல்லன். அரிதிற் கிடைத்த ஒரு பொதுச்சொத்தையே அழிப்பவன் ஆவான்.

அங்கே நிகழும் தீமைகளைப் பஞ்சசீலத்தோடு ஒப்பிட்டுக் காண்மின். ஓடும் வண்டிமேல் கல்லெறிதல் முதற் சீலத்திற்கு மாறு; பணப்பையைக் களவாடுதல் இரண்டாவதற்கு மாறு; நெரிசலைத் திரையாகக்கொண்டு பெண்டிரைத் தீண்டுதல் மூன்றாவதற்கு மாறு; இழிசொல் கூறுதல் நான்காவதற்கும், குடித்துவிட்டு ஆர்ப்பரித்தல் ஐந்தாவதற்கும் மாறு. இச்சீலங்களை அங்குத்தர நிகாயம் ஐந்து பெருந்தானங்கள் எனக் கொள்கிறது. அவற்றைக் காப்பவன் அளவற்ற உயிர்கட்கு அச்சமின்மையை வழங்குகின்றான் என்பது அதன் கருத்து. பொருள் கொடுக்க இயலாத ஏழையும் இத்தானத்தைச் செய்யலாம். பெயரறியா அயலார் அருகில் ஒருவர் அச்சமின்றிக் கண்ணயர்ந்து செல்கிறார் என்றால், அவ்வயலார் அனைவரும் அவர்க்குத் தானம் செய்கின்றனர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், 145ஆம் பிரிவில் குடிவெறியையும் இழிசொல்லையும், 162ஆம் பிரிவில் மகளிர் பெட்டியில் ஆடவர் நுழைதலையும் குற்றமாக்கியுள்ளது. 1992ஆம் ஆண்டு மும்பையில் மகளிர்க்கே உரிய தனி வண்டியும் தொடங்கப்பெற்றது. இவை வேண்டுவனவே. ஆயினும் தனிப்பெட்டி, அதனுள் இருப்பவரைக் காக்குமேயன்றி வெளியில் இருப்பவனைத் திருத்தாது. காவலரும் அடுத்த நிலையத்திலேயே வந்தடைவர். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட அச்சில நிமிடங்களில் துன்புறுபவர்க்கு உடன்பயணிகளே துணை.

அந்நிமிடங்களில் பெரும்பாலோர் சன்னலுக்கு வெளியே நோக்குகின்றனர். "நமக்கு ஏன் வம்பு?" என்கின்றனர். நம்முள் சிலர் இதற்கு உபேட்சை என்று பெயரும் சூட்டுகின்றனர். இஃது உண்மையா? ஆசாரியர் புத்தகோசர் விசுத்திமார்க்கத்தில் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கையும் விளக்குமிடத்து, ஒவ்வொன்றிற்கும் அண்மைப் பகை ஒன்றும் சேய்மைப் பகை ஒன்றும் உண்டெனக் காட்டுகிறார். அண்மைப் பகை என்பது அந்நற்குணம் போலவே தோன்றி நம்மை ஏய்ப்பது. உபேட்சைக்கு அண்மைப் பகை, அறியாமையிற் பிறந்த அசட்டை. சன்னலுக்கு வெளியே நோக்குபவரிடம் இருப்பது இவ்வசட்டையே. உபேட்சை உடையவன் உள்ளம் கலங்கான். ஆனால் கண்ணை மூடிக்கொள்ளான்.

மற்றொரு பக்கம் பாருங்கள். பணப்பை திருடியவன் ஒருவன் அகப்பட்டுவிட்டால், அதுவரை வாய் திறவாதிருந்தவர் அனைவரும் கை ஓங்குகின்றனர். நீதியைக் காப்பதாகவே அவர்கள் எண்ணுகின்றனர். கருணையின் சேய்மைப் பகை கொடுமை என்பதும் புத்தகோசர் காட்டியதே. வீழ்ந்தவனைப் பலர் கூடி உதைப்பதும் அப்பெட்டியில் அச்சத்தையே பெருக்கும். அங்குலிமாலனைப் புத்தர் எதிர்கொண்டபோது அஞ்சி ஓடவும் இல்லை. ஆயுதம் எடுக்கவும் இல்லை. அவன் துறவியாகித் திருந்திய பின்னும் அவன்மேல் கல்லெறிந்தது ஊர்க்கூட்டம். இதனை நாம் மறத்தலாகாது.

"அவன் கையில் கத்தி இருந்தால்?" என்று கேட்பார் உளர். தக்க கேள்வி. சேதனையே கன்மம் என்பது நம் கொள்கை. முதியவரோ தனித்த பெண்ணோ அஞ்சி வாளாவிருத்தல் பாவமன்று. உயிரைக் கொடு என்று தம்மம் எவரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் பதின்மர் இருந்தும், வீட்டிற்குச் செல்ல நேரமாகும் என்பதற்காகவே முகந்திருப்பிக்கொள்வது அச்சமன்று. அது தேர்ந்துகொண்ட செயல். அதன் பயன் அவரைச் சாரும்.

அவ்வாறாயின் நடுவழி யாது? ஆலையில் இரண்டாம் ஷிப்டு முடித்து நள்ளிரவு வண்டியில் திரும்பிய காலத்தில் நாம் பலமுறை கண்டதுண்டு. குடித்தவன் ஒருவன் ஒரு பெண்ணை நெருங்கிப் பிதற்றுவான். யாரேனும் ஒருவர் எழுந்து, அவனிடம் ஒன்றும் கூறாமல், அப்பெண்ணின் அருகே அமர்ந்து, "எங்கே இறங்கவேண்டும், அம்மா?" என்று கேட்பார். உடனே மற்றும் இருவர் எழுந்து வருவர். அவன் குரல் தாழ்ந்துவிடும். தீமை செய்பவனோடு போர் தொடுப்பதற்கு முன், துன்புறுபவரோடு சேர்ந்துகொள்வதே முதற்செயல்.

பின்னர்ச் செய்யத்தக்கன எளியவை. பெட்டியின் எண்ணைக் குறித்து, 139 என்னும் இரயில்வே உதவி எண்ணுக்குத் தெரிவித்தல். உயிர்க்கு இடர் நேருமாயின் அபாயச் சங்கிலியை இழுத்தல். பிடிபட்டவனை அடியாமல் காவலரிடம் ஒப்புவித்தல். ஒரு நாட்கூலி போனாலும் சாட்சி கூறத் தயங்காமை. இறுதியிற் கூறியதே கடினமானது. ஆதலின் அதுவே சிறந்த தானம்.

உபோசத நாளில் கண்மூடி எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க எனப் பாவிக்கின்றோம். அப்பாவனை மெய்யா பொய்யா என்பதை மறுநாட் காலை நாம் ஏறும் வண்டியே காட்டும். அங்கே கண் திறந்திருப்போமாக.