செவி சாய்த்த அப்பன்

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.

தம்பி தங்கைகளே, வளர்ற பிள்ளையை நம்பி விடணுமா, பின்னாலேயே போய்க் கண்காணிக்கணுமா? எங்க விருதுநகர் மாவட்டத்துல இந்தக் கேள்விக்கு வெடிமருந்து வாசனையும் உண்டு.

ஒரு காலத்தில் இங்கே தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குச் சின்னப் பிள்ளைகள் போனார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசி பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்டணும் என்றது உச்ச நீதிமன்றம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயசு நிரம்பாத யாரையும் வெடிமருந்து வேலையில் வைக்கக்கூடாது.

அன்றைக்குப் பிள்ளையை அனுப்பியது வீட்டு வறுமை. பத்தாவது படிக்கிற என் மகனைக் கூப்பிட்டது சேக்காளி. "லீவு நாள்ல ஒரு வீட்ல பட்டாசுக்குத் திரி வைக்கணும்டா, புது போன் வாங்கிரலாம். வரலேன்னா நீ பயந்தாங்கொள்ளி." குரல் உடைஞ்சு மீசை அரும்புற வயசு. அப்பா அடிச்சாக்கூட தாங்கிக்குவான், சேக்காளி சிரிச்சா தாங்க மாட்டான். ஆனாலும் ராத்திரி சாப்பிடும்போது அவனே என்கிட்ட சொன்னான்.

கத்தியிருந்தா அடுத்த தடவை சொல்லவே மாட்டான். சுவாமிமலையை நினைங்க. பிரணவத்தின் பொருள் சிவனுக்குத் தெரியாததா? இருந்தும் பிள்ளை முன்னால் பணிந்து செவி சாய்த்தார். நமக்கோ நம்ம பிள்ளையோட உலகம் நிஜமாவே தெரியாது. அப்போ நாம எவ்வளவு குனியணும்?

குனியறதுன்னா எல்லாத்துக்கும் தலையாட்டுறது இல்லை. பட்டாசு ஆலைக்குள்ள செல்போன், தீப்பெட்டி கொண்டுபோக விடமாட்டாங்க. அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான்னு அளவு உண்டு. அதே அறையோட கதவு வெளிப்பக்கமா திறக்கணும்கிறதும் விதிதான். கட்டுப்பாடு தீ வராம இருக்க. கதவு, வந்துட்டா தப்பிக்க. வீட்டுக்கும் ரெண்டும் வேணும்.

அதனால போகக்கூடாதுன்னு சொன்னேன், ஏன்னும் சொன்னேன். "எங்க அப்பா விடமாட்டாருன்னு என் மேல பழியைப் போட்டுரு"ன்னேன். அவன் முகம் லேசாச்சு.

அடுத்ததுதான் கஷ்டம். அந்தச் சேக்காளியும் யாரோ பெத்த பிள்ளைதானே? "அவங்க வீட்ல சொல்லாதீங்கப்பா, என்னை ஒதுக்கிருவாங்க"ன்னு கெஞ்சினான். நம்பிச் சொன்னதை வெளியே சொல்றது துரோகமா?

நான் சொன்னது இதுதான்: "உயிர் போற விஷயத்துல ரகசியம் காக்க முடியாதுப்பா. ஆனா உனக்குத் தெரியாம போகமாட்டேன். உன் பேரையும் எடுக்க மாட்டேன்." சொல்லிட்டுத்தான் போனேன். ரெண்டு நாள் அவன் என்கிட்ட பேசலை. மூணாம் நாள் கணக்குல சந்தேகம் கேட்டு வந்தான்.

பிள்ளை தப்பே பண்ணமாட்டான்னு நினைக்கிறது நம்பிக்கை இல்லை. தப்பு பக்கத்துல வந்தா நம்மகிட்ட வந்து சொல்லுவான்கிறதுதான் நம்பிக்கை. அதை நாமதான் முதல்ல சம்பாதிக்கணும்.

நீங்க பலருக்கு அண்ணன், அக்கா. அப்பாகிட்ட சொல்ல முடியாததைத் தம்பி உங்ககிட்ட சொன்னா, போனைக் கீழே வச்சிட்டுக் கேளுங்க. எங்கேயாவது பிள்ளைகள் இந்த வேலையில் சிக்கியிருந்தா 1098-க்குக் கூப்பிடுங்க.

முருகா சரணம்.