மிடறும் மனிதமும்

நிலாக்கால இரவுகளில் மட்டக்களப்பு வாவியிலே, கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியிற் பொருத்தினால், நரம்பிசை போன்றதோர் ஒலி கேட்கும் என்பர். அதனாலன்றோ இந்நிலம் மீன்பாடும் தேனாடு எனப் பெயர் பெற்றது! ஆயினும் பாடும் மீன் பேசுவதில்லை, பேசுபவன் மனிதனே. அவ்வாறாயின் பேச இயலாதவனின் நிலை யாது? அவன் மனிதத்திற் குறைந்தவனோ?

உந்தியில் எழுங் காற்று தலை, மிடறு, நெஞ்சு முதலிய இடங்களிற் பொருந்தி எழுத்தொலியாகப் பிறத்தலைத் தொல்காப்பியம் விளக்கும். மனித மிடற்றிலே குரல்வளை தாழ அமைந்துள்ளது. அதனால் ஒலிகளை வேறுபடுத்த நாவின் பின்னே இடம் வாய்த்தது. உணவு மூச்சுக்குழலிற் சிக்கி உயிரைப் பறிக்கும் இடரும் உடன் வாய்த்தது.

இம்மிடற்றமைப்பையே மனிதனின் எல்லைக்கோடாகக் கருதினோர் உளர். நியண்டர்தால் மாந்தரின் மிடறு இக்கால மனிதனைப்போல் உயிரொலிகள் அனைத்தையும் எழுப்ப வல்லதன்று என 1971 இல் லீபர்மன், கிரெலின் என்னும் அறிஞர் இருவர் வாதித்தனர். 1983 இல் இஸ்ரேலின் கெபாராக் குகையில், ஏறத்தாழ 60,000 ஆண்டுப் பழைமையுடைய நியண்டர்தால் எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதன் நாவடி எலும்பு இக்கால மனிதனுடையதைப் பெரிதும் ஒத்திருந்தது. ஓர் எலும்பு மட்டும் பேச்சை மெய்ப்பித்துவிடாது. எனினும் முன்னர் உறுதியாகக் கீறப்பட்ட கோடு அசைந்துவிட்டது.

இதனினும் ஆழ்ந்த சான்றினை ஈராக்கின் சானிதார்க் குகை தருகின்றது. அங்கு 1957 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட நியண்டர்தால் மனிதன் ஒருவன் வலக்கை சிதைந்தவன். ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவன் என்பர். அவன் செவிப்புழைகள் எலும்பு வளர்ச்சியால் அடைபட்டிருந்தமையை 2017 இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துரைத்தது. வேட்டையாடி வாழ்ந்த அக்காலத்தில் இத்தகையவன் நாற்பது அகவை வரை தனித்து உயிர்வாழ்ந்திருத்தல் அரிது. சுற்றத்தார் உணவு பகிர்ந்திருத்தல் வேண்டும்; சொல் எட்டாத அவனுக்குக் கையாலும் முகக்குறிப்பாலும் பொருளுணர்த்தியிருத்தல் வேண்டும். அவர்தம் மிடற்றின் ஆற்றல் எத்தகையதாயினும், அவர்களை மனிதர் அல்லர் என எவர் கூறுவர்?

மிடறு இயற்கை அளித்த கருவி; பிறரை உணர முயலுதலோ அறம். பேச இயலாதவரை ஊமை என ஒதுக்கி, குடும்பக் காரியங்களிலும் ஊர்க்கூட்டங்களிலும் அவர் கருத்தைக் கேளாதுவிடும் வழக்கம் இன்றும் மறைந்திலது. அவ்விடத்தே குறையுடையவர் வாய் பேசாதவர் அல்லர்; கேட்க மறுப்பவரே. நீரடியில் எழும் மெல்லொலிக்காகத் துடுப்பிற் செவிவைத்துக் காத்திருப்போர், அருகிருப்பவரின் கைமொழியைக் காணவும் சற்றே காத்திருத்தல் தகும்.