சஸ்பென்ஸ் கணக்கில் ஒரு பாட்டு

பேச்சிப்பாறை அணைக்குப் போயிருக்கிறீர்களா? நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குலசேகரம் வழியாகப் போக வேண்டும். கடைசிப் பகுதியில் ரப்பர் மரங்கள் வரிசை கட்டி நிற்கும்.

நான் போன அன்று அங்கே ஒரு கல்லூரிக் கோஷ்டி. வேன் கதவில் தாளம் போட்டபடி ‘சின்ன மாமியே’ பாடிக்கொண்டிருந்தது. நன்றாகவே பாடினார்கள். “இது யார் பாட்டு தம்பி?” என்று கேட்டேன். “அது சும்மா நாட்டுப் பாட்டுல்லா அண்ணாச்சி! யாரு எழுதினா என்ன?” என்றான் ஒருவன்.

யாரு எழுதினா என்ன? யோசித்துப் பார்த்தால், லேசான கேள்வி இல்லை.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நித்தி கனகரத்தினம். யாழ்ப்பாணத் தமிழர். 1960-களின் பிற்பகுதியில் கிட்டாரும் கையுமாக, தானே எழுதி தானே பாடியவர். போர்ச்சுகீசியர் இலங்கையில் விட்டுச்சென்ற ஆட்டத் தாளம் பைலா. சிங்களத்தில் அது கொடிகட்டிப் பறந்தது. அந்தத் துள்ளலில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஏற்றி உட்கார வைத்த முன்னோடி இவர். அங்கே அதைத் துள்ளிசை என்பார்கள், பொப் பாட்டு என்பார்கள். அம்மாக்காரியிடமே போய் மகள் எங்கே என்று விசாரிக்கிற குறும்பு ஒரு பாட்டு. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ இன்னொன்று... தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது!

அந்த நாளில் நம் தென் மாவட்டங்களில் இலங்கை வானொலிதான் ராஜா. பொப் பாட்டுகள் கடல் தாண்டி வந்து கல்யாண வீடு, டூரிஸ்ட் பஸ் என்று பரவின. ‘சுராங்கனி’ ஏ.இ.மனோகரன் இங்கேயே வந்து சினிமாவிலும் நடித்தார். 2018-ல் சென்னையில் அவர் இறந்தபோது பத்திரிகைகளில் செய்தி வந்தது. நித்தியோ ஆஸ்திரேலியாவில் குடியேறி, பாடம் நடத்தும் உத்தியோகத்துக்குப் போய்விட்டார். நம் ஊருக்குப் பாட்டு வந்தது, ஆள் பெயர் வரவில்லை.

பையன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பெயர் உதிர்ந்து ஊர்ப் பாட்டாகிவிடுவதைவிட ஒரு பாட்டுக்கு என்ன பெருமை வேண்டும்? தாலாட்டை எழுதியவர் யார் என்று எந்தக் குழந்தை கேட்டது? படித்தவர்களும் இதையே அழகாகச் சொல்வார்கள். (சொல்கிறவர் பெயர் மட்டும் கட்டுரைக்கு மேலே கொட்டை எழுத்தில் இருக்கும்!)

நான் பி.காம். படித்தவன். ஒரு தொகையை யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாவிட்டால், தற்காலிகமாக சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். தப்பில்லை. ஆனால் ஆள் தெரிந்ததும் அங்கிருந்து எடுத்து அவர் கணக்கில் எழுதிவிட வேண்டும். தெரிந்த பிறகும் அங்கேயே கிடந்தால், அதற்கு வேறு பெயர். ‘நாட்டுப் பாட்டு’ என்பது பல சமயம் நாம் வசதியாக வைத்துக்கொண்டிருக்கும் சஸ்பென்ஸ் கணக்கு.

பேச்சிப்பாறையிலேயே பாருங்கள். 1906-ல் முடிந்த அணையைக் கட்டிய எஞ்சினீயர் மிஞ்சின் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். அவர் பெயர் நிலைத்துவிட்டது. கல் சுமந்தவர்கள் பெயரை இனி எங்கே போய்த் தேடுவது? அது தீராத சஸ்பென்ஸ். ‘சின்ன மாமியே’ அப்படியா?

அமெரிக்காவில் ரோட்ரிகஸ் என்று ஒருவர். டெட்ராய்ட்காரர். 1970-லும் 71-லும் இரண்டு ஆல்பம் போட்டார். ஏழைத் தெருக்களைப் பற்றிய பாட்டுகள். விற்கவில்லை. கம்பெனி கழற்றிவிட்டது. பழைய கட்டடங்களை இடிக்கிற வேலைக்குப் போனார். இடையில் தத்துவம் படித்துப் பட்டமும் வாங்கினார். அதே சமயம் நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்காவில் அவர் பாட்டு வெள்ளைக்கார இளைஞர்களுக்கு மனப்பாடம். ஆனால் மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று அங்கே வதந்தி. 1997-ல் ரசிகர்கள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை, தான் அங்கே நட்சத்திரம் என்பதே அவருக்குத் தெரியாது. மறு வருஷம் அங்கே போய்ப் பாடினார். அவர் கதையைச் சொன்ன டாக்குமென்டரிக்கு 2013-ல் ஆஸ்கர். 2023-ல், 81 வயதில் இறந்தார்.

விற்ற ரெக்கார்டுகளின் ராயல்டி எங்கே போனது என்பது கோர்ட் வரை போன சண்டை. அதைவிட என்னை உறுத்துவது வேறு. 1979-லும் 81-லும் அவர் ஆஸ்திரேலியாவில் போய்ப் பாடி, கைதட்டல் வாங்கியிருக்கிறார். படம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் உருக்கம் குறைந்துவிடும் அல்லவா? முற்றிலும் மறக்கப்பட்ட மேதைதான் நமக்கு வேண்டும். அவருக்காகக் கண் கலங்குவது சுலபம், சுகமும்கூட. நித்தி விஷயத்திலும் அந்த உருக்கம் வேண்டாம். அவர் படித்தார், உத்தியோகம் பார்த்தார், மேடை கிடைத்தபோது பாடினார். பரிதாபப்பட அதில் ஒன்றுமில்லை. பாக்கி நம் பக்கம்தான். பணம் போகட்டும், பெயரைச் சொல்ல என்ன செலவு?

அடுத்த முறை ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடந்தால் கவனியுங்கள். சினிமாப் பாட்டென்றால் அறிவிப்பாளர் படத்தின் பெயர், இசை, பாடல் வரிகள், யார் வாயசைத்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். இந்தப் பாட்டு வரும்போது மட்டும், “அடுத்ததா ஒரு ஜாலி பாட்டு!” என்பார். டிரம்ஸ் ஆரம்பித்துவிடும்.