கடலோர மதிலும் திக்விரதமும்

தரங்கம்பாடிக்குள் நுழையுமிடத்தில் 1792ஆம் ஆண்டில் கட்டப்பட்ட நகர வாயில் இன்றும் நிற்கிறது. அதன் இருபுறமும் தொடர்ந்து சென்ற மதில்தான் பெரும்பாலும் இல்லை. சென்ற மாசியில் மயிலாடுதுறைப் பக்கம் ஓர் இல்ல நிகழ்ச்சிக்குச் சென்றிருந்த நான், ஒரு பிற்பகலை அவ்வூரில் கழித்தேன். வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருக்கும் எமக்குக் கோட்டையும் அகழியும் புதியன அல்ல. ஆயினும் கடலை நோக்கி நிற்கும் கோட்டை மனத்தில் வேறொரு வினாவை எழுப்பியது.

1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர். நோக்கம் மிளகு முதலான சரக்கு வாணிகம். பின்னர் ஊரைச் சுற்றியும் மதில் எழுந்தது. 1845இல் இவ்வூரையும் வங்கத்துச் செராம்பூரையும் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போயினர். கரையிலிருந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடலே கொண்டுவிட்டது.

அந்த மதில் பிறர் உள்ளே வராதிருக்கக் கட்டியது. உள்ளிருந்தவரின் வாணிகத்திற்கோ கடலும் எல்லையன்று. நம் அறநூலார் இல்லறத்தார்க்குக் கட்டித் தந்த மதில் இதற்கு நேர்மாறானது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றை அடையாளமாக வைத்து, 'இதற்கப்பால் செல்லேன்' என்று வாழ்நாள் முழுமைக்கும் திசைகளை வரையறுத்துக் கொள்வது திக்விரதம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இவ்வடையாளங்களுள் கடலையே முதலில் வைக்கிறது. எல்லைக்கு வெளியே நுண்ணிய தீவினையும் செய்யாமையால், அவ்வளவில் இல்லறத்தானின் அணுவிரதம் மகாவிரதத்தன்மை பெறும் என்றும் அந்நூல் கூறும். உலகின் மிகப் பெரும்பகுதிக்கு நாம் துறவியர் ஆகிவிடுகிறோம். எவ்வளவு எளிய வழி என்று வியந்ததுண்டு. அவ்வளவு எளிதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன்.

என் தந்தையார் மேற்கே பள்ளிகொண்டாவை எல்லையாகக் கொண்டிருந்தார். நானும் அதையே ஏற்றேன். ஆம்பூர் அதற்கப்பால். சென்ற ஆண்டு அவ்வூர்த் தரகர் ஒருவர் கடைக்கு வந்து, மாதந்தோறும் லாரி லாரியாகக் கல்லுப்பு வேண்டும் என்றார். பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வைப்பார்கள், அதற்காக. "ஐயா, நீங்கள் ஆம்பூர் வரவே வேண்டாம். ஒரு போன் போதும்," என்றார். என் விரதத்தை அவர் அறிந்திருக்க வழியில்லை, தற்செயலாகச் சொன்னதுதான்.

மகனுக்கு விருப்பம். "அப்பா, நாம் கொல்லவில்லை, தோலைத் தொடவும் இல்லை. குழம்புக்குப் போடும் அதே உப்புதானே? எல்லையையும் தாண்டவில்லையே," என்றான். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று அது. அத்தொழிலை நம்பி வாழும் ஏழைக் குடும்பங்கள் எத்தனை என்பதை வேலூரில் இருப்பவர் அறிவர். அவர்களை இகழ்வது என் கருத்துமன்று.

தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு சிறுவன் நின்ற இடத்திலிருந்தே அலைக்குள் கல் எறிந்துகொண்டிருந்தான். தத்துவார்த்த சூத்திரம் அப்போது நினைவுக்கு வந்தது. திக்விரதத்தினுள் சில காலத்திற்கு எல்லையை மேலும் சுருக்கிக்கொள்ளும் தேசவிரதத்திற்கு உமாஸ்வாமி ஆசாரியர் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார்: வெளியிலிருந்து பொருளை வருவித்தல், ஏவலாளை அனுப்புதல், குரல் கொடுத்துக் காரியம் முடித்தல், உருவைக் காட்டிக் குறிப்புணர்த்தல், கல் முதலியன எறிந்து கவனத்தை ஈர்த்தல். கால் எல்லைக்குள் நிற்கும். விருப்பம் வெளியே போய் வேலையை முடித்துவிடும். தொலைபேசியே இல்லாத காலத்தில் குரலையும் கணக்கில் சேர்த்த நுட்பத்தை என்னென்பது! தேசவிரதத்திற்குச் சொன்னதைத் திக்விரதத்திற்கு ஏற்றலாமா என்று கற்றறிந்தோர் வினவலாம். சூத்திரத்தின் எழுத்துப்படி ஏற்ற இயலாதுதான். ஆனால் ஆம்பூருக்குப் போன் செய்யும் என் கைக்கு அந்த வேறுபாடு ஒரு தப்பிக்கும் வழியாகவே பயன்படும் என்று எனக்குப் பட்டது.

ஊர் திரும்பியதும் தரகருக்கு இயலாது என்று சொல்லியனுப்பினேன். அதையும் போனில்தான் சொல்ல வேண்டியிருந்தது! மகன் மறுக்கவில்லை; மனம் ஒப்பினான் என்றும் சொல்ல மாட்டேன். அவன் கேட்ட ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது: லாங் பஜாருக்கே வந்து மூட்டை வாங்கிப் போகிறவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்று நமக்கு எப்படித் தெரியும்? அன்றுமுதல், பெருமளவில் கல்லுப்பு வாங்குவோரிடம் எதற்கு என்று கேட்கிறோம். சிலர் சொல்கின்றனர். சிலர் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகின்றனர்.